போர்டு நாற்காலி சண்டை: ராம்நாடு கடற்கரைக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ராமநாதபுரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருபது வருசத்துக்கு மேல குப்பை கொட்டிட்டு இருக்கேன், வீடு மண்டபத்துல. ஐஸ் கம்பெனி, நண்டு கம்பெனி, கீழக்கரைல அண்ணன் தம்பி சேர்ந்து ஆரம்பிச்ச பிரைவேட் லிமிடெட், மொளகா விவசாயிங்க சேர்ந்து வச்ச கம்பெனி, இப்படித்தான் எங்களுக்கு வர்ற ஆளுங்க. வர்றவங்கள்ல பாதி பேரு கேக்குறது "இவனை போர்டுல இருந்து எப்படி தூக்குறது", மீதி பேரு கேக்குறது "என்னைய தூக்க பாக்குறாங்க, என்ன செய்யலாம்". சில சமயம் ரெண்டு பேரும் ஒரே கம்பெனிக்காரங்களா இருப்பாங்க, ஒருத்தர் காலைல வருவாரு இன்னொருத்தர் சாயங்காலம். டீக்கடைல, பஸ்ல, கல்யாண வீட்டுலன்னு இதையே திருப்பி திருப்பி சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதான் எழுதியே வச்சுட்டேன். நான் வக்கீல் இல்ல, பேப்பர் வேலை பாக்குற ஆளு.

எனக்கு பங்கு இருக்கு, அப்ப கம்பெனி என்னோடதும் தானே? நான் போய் கல்லாவுல உக்காந்தா யாரு கேப்பா?

கேப்பாங்க. நம்ம ஊருல பங்குன்னா படகுல வர்ற பங்குதான் மனசுல நிக்குது. கடலுக்கு போயிட்டு வந்து டீசல், ஐஸ், சாப்பாடு செலவு கழிச்சு மிச்சத்துல படகு முதலாளி சம்மாட்டிக்கு இவ்வளவு ஆளுங்களுக்கு இவ்வளவுன்னு அன்னைக்கே கையில வந்துரும், மறுநாள் அந்த பங்குக்கு பேச்சு கிடையாது. கம்பெனி பங்கு அப்படி இல்ல, அது ஒரு ஓட்டு. அந்த ஓட்டை வச்சு நீங்க டைரக்டரை போடலாம், தூக்கலாம், அவ்வளவுதான். கம்பெனியை நடத்துறது போர்டு, அதாவது டைரக்டருங்க குழு. பேங்க்ல யாரு கையெழுத்து, ஐஸ் பார் என்ன விலை, யாருக்கு கடன், லாபத்துல டிவிடெண்ட் சிபாரிசு பண்ணலாமா வேணாமா, எல்லாம் அங்கதான் முடிவாகும். அதனாலதான் எல்லாரும் அந்த நாற்காலிக்கு அடிச்சுக்கிறாங்க, பாதி பங்கு வச்சிருந்தும் போர்டுல ஆள் இல்லன்னா செக் புக்கை தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

எத்தனை சதவீதம் இருந்தா கம்பெனி நம்ம கையில?

டைரக்டரை போடவும் தூக்கவும் சாதாரண தீர்மானம் போதும், அதாவது எதிர்த்து விழுந்த ஓட்டை விட ஆதரவா ஒரு ஓட்டு கூட இருந்தா போதும். கவனிங்க, மொத்த பங்குல பாதி இல்ல, அன்னைக்கு விழுந்த ஓட்டுல பாதிக்கு மேல. வராதவன் ஓட்டு கணக்குலயே இல்ல. கம்பெனியோட ஆர்ட்டிகிள்ஸ்ஸ, அதாவது உள்விதிய, மாத்தணும்னா சிறப்பு தீர்மானம், அதுக்கு எதிர் ஓட்டை மாதிரி மூணு மடங்கு ஆதரவு வேணும், அதனால 25 சதவீதத்துக்கு மேல வச்சிருக்கவன் ஜெயிக்கலன்னாலும் முட்டுக்கட்டை போடலாம். 10 சதவீதம் இருந்தா கூட்டம் கூட்டுங்கடான்னு எழுதி கேக்கலாம். நம்ம பக்கம் நிறைய பேரு 51, 51ன்னு ஒரு நம்பரை புடிச்சுட்டு தொங்குறாங்க, 30 வச்சு ஜெயிச்சவனையும் பாத்திருக்கேன், ஏன்னா மத்தவங்கள்ல பாதி பேரு மலேசியாவுல.

சரி, ஒரு டைரக்டரை தூக்கணும். எங்க ஆரம்பிக்கணும்?

கம்பெனி சட்டம் 2013, பிரிவு 169. கூட்டத்துல எந்திரிச்சு "இவரு வேணாம்"னு சொன்னா வேலைக்கு ஆகாது. முதல்ல ஸ்பெஷல் நோட்டீஸ், அதை கொடுக்க 1 சதவீத ஓட்டு இருக்கணும் இல்லன்னா 5 லட்ச ரூபா அளவுக்கு பணம் கட்டுன பங்கு இருக்கணும். கூட்டத்துக்கு குறைஞ்சது 14 நாள் முன்னாடி கம்பெனிக்கு போயிருக்கணும், அதுக்காக 3 மாசத்துக்கு முன்னாடியே கொடுத்தாலும் செல்லாது. அவரை தூக்கிட்டு அதே கூட்டத்துல இன்னொருத்தரை அந்த இடத்துல உக்கார வைக்கணும்னா அதுக்கும் ஸ்பெஷல் நோட்டீஸ் வேணும், இதை பாதி பேரு மறந்துட்டு நாற்காலியை காலியா விட்டுட்டு வந்துருவாங்க.

ஏஜிஎம், அதாவது வருசாந்திர பொதுக்கூட்டம், வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா பிரிவு 100ல 10 சதவீதம் வச்சிருக்கவங்க கையெழுத்து போட்டு கூட்டம் கேக்கலாம். போர்டு 21 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், லெட்டர் கொடுத்த நாள்ல இருந்து 45 நாளுக்குள்ள கூட்டம் நடக்கணும். அவங்க சும்மா இருந்தா நீங்களே கூட்டிக்கலாம், லெட்டர் கொடுத்த தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள. அந்த செலவை கம்பெனிகிட்ட வாங்கிக்கலாம், கம்பெனி அதை சும்மா இருந்த டைரக்டருங்க சம்பளத்துல புடிக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. படிச்சா மனசுக்கு குளிர்ச்சியா இருக்கும், வசூல் பண்ணவங்கள நான் இதுவரைக்கும் பாக்கல.

தூக்கப்போற ஆளுக்கு பேச உரிமை உண்டு, எழுத்துல பதில் கொடுத்தா அதை எல்லாருக்கும் அனுப்பணும், நேரமாயிருச்சுன்னா கூட்டத்துல படிச்சு காட்டணும். அவரை பேச விடாம தீர்மானம் போட்டா ஜெயிச்ச ஓட்டும் வீணாப்போகும்.

ஏன் தூக்குறோம்னு காரணம் எழுதணுமா? எழுதுனா மானநஷ்ட வழக்கு போடுவேன்னு மிரட்டுறாரு.

எழுத வேணாம். இதுல பெரிய கேஸே இருக்கு. 80-கள்ல லண்டன்ல இருந்த தொழிலதிபர் ஸ்வராஜ் பால் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஷேரை வாங்க ஆரம்பிச்சாரு, எஸ்கார்ட்ஸ் போர்டு அதை பேர் மாத்தி கொடுக்க மாட்டேன்னு நின்னுச்சு, கேஸ் நடக்கும்போதே அதுல பங்கு வச்சிருந்த எல்ஐசி கூட்டம் கேட்டு ஒன்பது டைரக்டரை தூக்கணும்னு லெட்டர் கொடுத்துச்சு. காரணம் சொல்லலன்னு எஸ்கார்ட்ஸ் வாதாடுச்சு. 1985 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, பங்குதாரர் கூட்டம் கேக்குறதுக்கு காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. எல்ஐசிக்கு ஒரு சட்டம் நம்ம தங்கச்சிமடம் ஆளுக்கு ஒரு சட்டம் கிடையாது.

அதே வாதம் 2021ல ஜீ டிவி கம்பெனியில திரும்ப வந்துச்சு. இன்வெஸ்கோ ஃபண்டுங்க 17.88 சதவீதம் வச்சிருந்தாங்க, நிறுவனர் குடும்பத்துகிட்ட 4 சதவீதம் கூட இல்ல. எம்டி புனித் கோயங்காவை தூக்கணும்னு கூட்டம் கேட்டாங்க, போர்டு கூட்ட மாட்டேன்னுச்சு, பம்பாய் ஹைகோர்ட் அக்டோபர்ல கூட்டத்துக்கு தடை போட்டுச்சு, 2022 மார்ச்ல ரெண்டு நீதிபதி பெஞ்ச் அந்த தடையை எடுத்துருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாள்ல இன்வெஸ்கோவே கூட்டம் வேணாம்னு விட்டுட்டாங்க. ஆக 17.88 வச்சிருந்தவனுக்கே ஆறு மாசம் ஓடியும் கூட்டம் நடக்கல. சட்டத்துல ஜெயிக்கிறது வேற, கூட்டம் நடக்குறது வேற.

ஆனா ஒன்னு, காரணம் எழுத வேணாம்னா திட்டி எழுதலாம்னு அர்த்தம் இல்ல. ஒரு அண்ணன் லெட்டர்ல "திருட்டுப்பய"ன்னு எழுதிட்டு வந்து காட்டுனாரு, அதை எடுக்க வைக்கிறதுக்குள்ள எனக்கு ரெண்டு டீ ஆச்சு.

கை தூக்கி தானே ஓட்டு? எங்க பக்கம் ஆளு கம்மி, பங்கு அதிகம்.

இதுக்கு நான் நேர்ல பாத்த கதையே சொல்றேன், நானும் அதுல சொதப்பியிருக்கேன். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவுல ஒரு ஐஸ் கம்பெனி, பேரு வேணாம். மொத்தம் 10,000 பங்கு. பெரியவரும் அவரு வீட்டம்மாவும் ரெண்டு பையன்களும் சேர்ந்து 4,600. கூட ஆரம்பிச்ச பார்ட்னர் 3,000, அவரு தங்கச்சி குவைத்துல இருக்காங்க 1,500. மீதி 900 ஒரு வாத்தியாரோடது, அவரு இறந்து மூணு வருசம், சர்டிபிகேட் அவரு வீட்டம்மா பீரோவுல. அவங்கதான் டீச்சரம்மா, பார்ட்னர் பக்கம். ஆக 4,600க்கு 5,400, கண்ணை மூடிட்டு ஜெயிக்கலாம்னு நாங்க பார்ட்னருக்கு பேப்பர் போட்டு கொடுத்தோம்.

தடைக்காலம் பாத்து கூட்டம் வச்சாங்க, ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு விசைப்படகு போகாது, ஐஸுக்கும் வேலை இல்ல, எல்லாரும் சும்மா இருப்பாங்கன்னு. கம்பெனி மாடியில ஒரு ரூம், ஃபேன் சத்தம் போட்டுக்கிட்டு சுத்துது, கீழ மெஷினு நிக்கிறதால அந்த ஃபேன் சத்தமே பெருசா கேக்குது. பெரியவரு தலைமை. பெரியவரை போர்டுல இருந்து தூக்குற தீர்மானத்தை படிச்சாங்க, கை தூக்குங்கன்னாரு. எதிர்த்து நாலு கை. ஆதரவா ஒரே ஒரு கை, பார்ட்னரோடது. தங்கச்சிக்கு பதிலா ஓட்டு போட ப்ராக்ஸியா வந்த பையனும் கை தூக்குனான், பெரியவரோட ஆடிட்டர் சிரிச்சுக்கிட்டே "தம்பி, ப்ராக்ஸிக்கு கை கிடையாது, இறக்குங்க"ன்னாரு. உண்மைதான். கை தூக்குற ஓட்டுல தலைக்கு ஒன்னு, ப்ராக்ஸிக்கு அதுல ஓட்டே கிடையாது, பேசவும் கூடாது.

பார்ட்னர் முகம் செத்துப்போச்சு. நான் பின்னாடி இருந்து "போல் கேளுங்க, போல் கேளுங்க"ன்னு கிசுகிசுத்தேன். பிரிவு 109, பத்துல ஒரு பங்கு ஓட்டு இருக்கவன் போல் கேட்டா கொடுத்தே ஆகணும், அப்ப தலைக்கணக்கு போயி பங்கு கணக்கு வரும், ப்ராக்ஸியும் ஓட்டு போடலாம். கேட்டாரு. சீட்டு எழுதி போட்டாங்க. எதிர்த்து 4,600. ஆதரவு 4,500.

டீச்சரம்மாவோட 900? சீட்டை கையில வச்சுட்டு நின்னாங்க, அந்த ஆடிட்டர் பங்குதாரர் பேரு எழுதுற ரிஜிஸ்டரை திறந்து காட்டுனாரு, அதுல இன்னமும் வாத்தியாரு பேருதான். இறந்தவரு வந்து ஓட்டு போட முடியாது, அம்மா பேரு ரிஜிஸ்டர்ல ஏறல. நூறு பங்குல தோத்தோம். சர்டிபிகேட் கையில இருக்குங்கறத வச்சு நான் ரிஜிஸ்டரை பாக்காம விட்டேன், அது என் தப்பு, இன்னைக்கு வரைக்கும் அந்த ஃபேன் சத்தம் காதுல இருக்கு.

அப்ப இறந்தவங்க பேர்ல உள்ள பங்கை என்ன பண்றது?

முதல் வேலையா பேரு மாத்துங்க, சண்டை வர்றதுக்கு முன்னாடியே. நாமினி போட்டிருந்தா சுலபம், இல்லன்னா வாரிசு சான்று, சில சமயம் சக்சஷன் சர்டிபிகேட், மத்த வாரிசுங்க ஒத்துக்கிட்ட கடிதம்னு ஒவ்வொன்னா கேப்பாங்க. பேப்பர் சரியா இருந்தா ஒரு மாசத்துக்குள்ள கம்பெனி பேரு மாத்தி சர்டிபிகேட் கொடுக்கணும். வம்பு என்னன்னா பேரு மாத்தி கொடுக்க வேண்டியது அதே போர்டு, அதாவது நீங்க தூக்கப் பாக்குற ஆளு. சண்டை தெரிஞ்சுருச்சுன்னா ஃபைலை இழுத்துக்கிட்டே இருப்பாரு, மறுத்தா கம்பெனி சட்ட தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போகலாம், ஆனா மாசம் ஓடிரும். ஐஸ் கம்பெனியில டீச்சரம்மா பேரு ஏற எட்டு மாசம் ஆச்சு.

ரிஜிஸ்டரை பாக்குறது உங்க உரிமை, பிரிவு 94, மெம்பருக்கு இலவசம், காப்பி வேணும்னா பக்கத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. கூட்டம் கேக்குறதுக்கு முன்னாடி போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க, கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்குற மாதிரி.

21 நாள் நோட்டீஸ்னா, 1ஆம் தேதி போஸ்ட் பண்ணா 22ஆம் தேதி கூட்டம் வைக்கலாம்ல?

வைக்க கூடாது. முழுசா 21 நாளு நடுவுல இருக்கணும், அனுப்புன நாளும் கூட்ட நாளும் கணக்குல வராது, போஸ்ட்ல போனா சேர்ந்ததா எடுத்துக்க இன்னும் 48 மணி நேரம். நாங்க எப்பவும் 25, 26 நாளு விட்டுத்தான் வைப்போம். ப்ராக்ஸி ஃபாரமும் இப்படித்தான், எம்ஜிடி 11, கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னாடி கம்பெனியில இருக்கணும், கொடுத்ததுக்கு கையெழுத்தும் நேரமும் போட்டு வாங்கிக்கங்க, "நேத்து கொடுத்தேனே"ன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கையில வாங்க மாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட், கூடவே கம்பெனி இமெயிலுக்கும் ஒன்னு. "கதவு பூட்டியிருந்தது"ன்னு திரும்பி வந்த கவரை பிரிக்காதீங்க, பிரிக்காத கவருக்குத்தான் மரியாதை.

இன்னொன்னு, பிரைவேட் கம்பெனின்னா நோட்டீஸ், கோரம் (கூட்டம் செல்ல வர வேண்டிய ஆளு கணக்கு), ப்ராக்ஸி, போல் இந்த பிரிவுகள்ல எல்லாம் ஆர்ட்டிகிள்ஸ்ல வேற மாதிரி எழுதிக்கலாம்னு 2015ல விலக்கு கொடுத்துருக்காங்க. அதனால சட்டத்தை படிக்குறதுக்கு முன்னாடி உங்க ஆர்ட்டிகிள்ஸ்ஸ படிங்க. கம்பெனி ஆரம்பிச்சப்ப எவனோ டைப் பண்ணி கொடுத்ததுல கையெழுத்து போட்டுட்டு அதுக்கப்புறம் திறந்தே பாத்திருக்க மாட்டீங்க.

எங்க காக்கா (அண்ணன்) துபாய்ல இருக்காரு, அவரும் டைரக்டர். இங்க இருக்கவங்க அவரு பதவி போயிருச்சுன்னு சொல்றாங்க, அப்படி தானா போகுமா?

போகும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்துல இருந்து வர்றவங்க அடிக்கடி மாட்டிக்கிற இடம் இது. 12 மாசத்துல நடந்த ஒரு போர்டு மீட்டிங்லயும் கலந்துக்கலன்னா பதவி தானா காலி, பிரிவு 167, லீவு சொல்லியிருந்தாலும் சரி சொல்லலன்னாலும் சரி. சின்ன கம்பெனின்னா வருசத்துக்கு ரெண்டு மீட்டிங் போட்டாலே சட்டத்துக்கு போதும், ஆக ரெண்டே ரெண்டு மீட்டிங் விட்டா ஆளு வெளிய. ஓட்டும் வேணாம் கூட்டமும் வேணாம். இதை வேணும்னே பண்றவங்களும் உண்டு, பழைய இமெயிலுக்கு நோட்டீஸ் அனுப்பிட்டு, வரலன்னு மினிட்ஸ்ல எழுதிட்டு, வாப்பா காலத்துல இருந்து இருந்த பேரை எடுத்துருவாங்க.

வழி ரொம்ப சுலபம், வீடியோல கலந்துக்கலாம், சட்டம் ஒத்துக்குது. இப்ப பாக்குற இமெயில் என்னவோ அதை எழுத்துல கம்பெனிக்கு கொடுக்க சொல்லுங்க, மீட்டிங்குக்கு 7 நாள் நோட்டீஸ் வரணும், வந்தா அங்க இருந்தே உக்கார சொல்லுங்க. ஒரு பையன் கிட்ட சொன்னேன், ஷார்ஜால கார் பார்க்கிங்ல இருந்து மீட்டிங்ல உக்காந்து பதவியை காப்பாத்திக்கிட்டான். ஆனா டைரக்டருக்கு ப்ராக்ஸி கிடையாது, தம்பியை அனுப்புறேன்னு சொன்னா செல்லாது, ப்ராக்ஸி பங்குதாரர் கூட்டத்துக்கு மட்டும்தான். எல்லா டைரக்டரும் வெளிநாட்டுல போயி உக்கார முடியாது, ஒருத்தராச்சும் அந்த நிதியாண்டுல 182 நாளு இந்தியாவுல இருக்கணும்.

எங்களை கேக்காம புதுசா ஷேர் போட்டு எங்க பங்கை குறைச்சுட்டாங்க.

போர்டை வச்சிருக்கவன் கையில இருக்குற பெரிய ஆயுதம் இதுதான். உங்ககிட்ட 60, அவன்கிட்ட 40, ஒரு நாள் ராத்திரி அவன் தனக்கே புது ஷேர் போட்டுக்கிட்டா காலைல கணக்கு தலைகீழ். சட்டப்படி புது ஷேரை முதல்ல இருக்குற பங்குதாரருக்கு அவங்க அளவுப்படி கொடுக்க முன்வரணும், வெளியாளுக்குன்னா சிறப்பு தீர்மானம் வேணும்.

நம்ம தமிழ்நாட்டுலயே நடந்த கேஸ் ஒன்னு இருக்கு, நீலகிரி கேத்தியில இருக்குற ஊசி கம்பெனி நீடில் இண்டஸ்ட்ரீஸ். 32,000 பங்குல 18,990 இங்கிலாந்துக்காரங்க கம்பெனி கையில, அதாவது 60 சதவீதத்துக்கு கிட்ட. அப்ப வெளிநாட்டுக்காரங்க பங்குக்கு வரம்பு வச்ச ஃபெரா சட்டத்தால அவங்க 40க்கு இறங்க வேண்டிய நிலைமை. 1977ல போர்டு 16,000 புது பங்கு போட்டுச்சு, அவங்களுக்கு வர வேண்டியது 9,495. அந்த ஆஃபர் லெட்டரு கடைசி தேதி முடிஞ்ச பிறகுதான் இங்கிலாந்து போய் சேர்ந்துச்சு! வாங்காத பங்கை எல்லாம் இந்திய பங்குதாரருங்க எடுத்துக்கிட்டாங்க, 60 ஆனது 40க்கு கீழ போயிருச்சு. 1981ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, பதவியை காப்பாத்த மட்டும் ஷேர் போடுறது தப்பு, ஆனா கம்பெனிக்கு உண்மையாவே தேவை இருந்து போட்டு கூடவே போர்டுக்கும் லாபம் வந்தா அது மட்டுமே தப்பாகாதுன்னு. ஷேர் செல்லும்னு விட்டுட்டு, அந்த 9,495 பங்குல அவங்க இழந்த லாபத்துக்கு 8,54,550 ரூபா கொடுக்க சொல்லுச்சு. பணம் வந்துச்சு, பிடி போச்சு. அதனால ஷேர் ஒதுக்குறதுக்கு முன்னாடி தடை வாங்கணும், ஒதுக்குன பிறகு ஓடுனா கையில காசுதான் மிஞ்சும், அதுவும் பல வருசம் கழிச்சு.

நான் ராஜினாமா பண்ணதா ஆன்லைன்ல காட்டுது, நான் எதுலயும் கையெழுத்தே போடலயே?

உங்க டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள், பென்டிரைவ் மாதிரி இருக்குமே, அது எங்க? ஆடிட்டர் ஆபீஸ் மேசையில தானே, ரப்பர் பேண்டு போட்டு, பாஸ்வேர்டை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மேலயே ஒட்டி. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் ஒரு டப்பா நிறைய இருந்துச்சு, இப்ப எல்லாருக்கும் திருப்பி கொடுத்துட்டோம். டைரக்டர் மாற்றம்னா டிஐஆர் 12 ஃபாரம் 30 நாளுக்குள்ள போடணும், அதை இன்னொரு டைரக்டர் கையெழுத்துல போட்டுரலாம், யாரு முந்திக்கிட்டு போடுறானோ அவன் பேருதான் கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ வெப்சைட்ல நிக்கும், பேங்க்காரன் அதைத்தான் பாப்பான். உடனே கம்பெனி ரிஜிஸ்ட்ராருக்கு எழுத்துல புகார், பேங்குக்கு ஒரு லெட்டர், போலி கையெழுத்துன்னா போலீஸ். வாரத்துக்கு ஒரு தடவை உங்க கம்பெனி பேரை அந்த வெப்சைட்ல தட்டி பாக்குறது நல்ல பழக்கம்.

ராமநாதபுரம் கோர்ட்லயே கேஸ் போடலாமா?

இந்த மாதிரி விசயத்துக்கு சிவில் கோர்ட் வேலைக்கு ஆகாது, என்சிஎல்டின்னு கம்பெனி சட்ட தீர்ப்பாயம், சென்னை ராஜாஜி சாலை. போட் மெயில்ல ஏறி காலைல இறங்கி போய் நின்னா வாய்தான்னு சொல்லுவாங்க, திரும்ப வரணும். பிரிவு 241, 242, சிறுபான்மை பங்குதாரரை நசுக்குறாங்க இல்லன்னா கம்பெனியை கெடுக்குறாங்கன்னு. அங்க போக தகுதி, மெம்பர்ல 100 பேரு இல்லன்னா பத்துல ஒருத்தரு, ரெண்டுல எது கம்மியோ அது, இல்லன்னா பங்கு மூலதனத்துல பத்துல ஒன்னு. ஏழு பேரு கம்பெனின்னா ஒரே ஆளு போதும்.

பெரிய கம்பெனியில இதுவே தலைவலி. 2016 அக்டோபர்ல டாடா சன்ஸ் சைரஸ் மிஸ்திரியை சேர்மன் பதவில இருந்து இறக்குச்சு. அவங்க குடும்பத்துகிட்ட 18.37 சதவீதம் ஈக்விட்டி, ஆனா முன்னுரிமைப் பங்கையும் சேர்த்து கணக்கு போட்டா 3 சதவீதம் கூட வரலன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க, அப்பீல்ல விலக்கு வாங்கித்தான் உள்ள போனாங்க. 2018ல தோல்வி, 2019 டிசம்பர்ல ஜெயிச்சாங்க, 2021 மார்ச் 26ல சுப்ரீம் கோர்ட் டாடா பக்கம் முடிச்சுருச்சு. எதிர்ல டாடா டிரஸ்ட்டுங்க கையில 66 சதவீதம், அதை எந்த கோர்ட்டும் குறைக்கல.

சென்னை முருகப்பா குடும்பத்துல வள்ளி அருணாச்சலம் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் போர்டுல இடம் கேட்டாங்க, அவங்க கிளைக்கு சுமாரா 8 சதவீதம். 2020 செப்டம்பர் ஏஜிஎம்ல 90 சதவீதத்துக்கு மேல எதிர் ஓட்டு. தீர்ப்பாயத்துக்கு போனாங்க, 2023 ஆகஸ்ட்ல குடும்பத்துக்குள்ளயே சமாதானம் ஆச்சு. பொம்பளைப் பிள்ளைக்கு போர்டுல எதுக்கு இடம்னு கேக்குற வீடு நம்ம பக்கமும் நிறைய இருக்கு, அதை எல்லாம் நான் எழுத ஆரம்பிச்சா இந்த பக்கம் பத்தாது.

என்கிட்ட பெரிய கம்பெனி ஷேர் 40 இருக்கு, என் ஓட்டுக்கு மதிப்பு உண்டா?

தனியா பெருசா இல்ல, ஆனா போடுங்க, மொபைல்லயே போடலாம், கூட்டத்துக்கு முன்னாடி குறைஞ்சது 3 நாளு இ-வோட்டிங் திறந்திருக்கும், முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்கு மூடிரும். பெரிய கம்பெனியில ஜெயிக்க வைக்கிறது மியூச்சுவல் ஃபண்டும் இன்சூரன்ஸ் கம்பெனியும்தான். அமெரிக்காவுல 2021ல இன்ஜின் நம்பர் 1ன்னு ஒரு குட்டி ஃபண்டு, எக்ஸான் மொபில்ல 0.02 சதவீதம் வச்சுக்கிட்டு பெரிய ஃபண்டுங்களை பேசி சம்மதிக்க வச்சு 12 நாற்காலில மூணை புடிச்சுச்சு.

வெளியாளு ஷேரை மொத்தமா வாங்கிட்டு உள்ள வந்துட்டா?

தூத்துக்குடியில இருக்குற தமிழ்நாடு மெர்கன்டைல் பேங்க் கதை நம்ம பக்கம் பெரியவங்களுக்கு தெரியும். 1921ல நாடார் வங்கியா ஆரம்பிச்சது, 1962ல பேரு மாறுச்சு. 90-கள்ல பெரும்பங்கு வெளியாளு கைக்கு போனப்ப அதை மீட்கணும்னு சமுதாயத்துல பெரிய இயக்கமே நடந்துச்சு, ஷேர் பேரு மாத்துறது ரிசர்வ் பேங்க், கோர்ட்டுன்னு வருசக்கணக்கா இழுத்துச்சு, 2022ல தான் பங்குச் சந்தைக்கு வந்துச்சு. பங்குச் சந்தையில இருக்குற லிஸ்டட் கம்பெனியில 25 சதவீதம் தொட்டா மத்தவங்ககிட்ட இன்னும் 26 சதவீதம் வாங்க ஓப்பன் ஆஃபர் கொடுக்கணும்னு, சந்தையை கண்காணிக்கிற செபியோட விதி இருக்கு. பிரைவேட் கம்பெனியில ஷேர் விக்கிறதுக்கே ஆர்ட்டிகிள்ஸ்ல கட்டுப்பாடு இருக்கும், மத்த பங்குதாரரை முதல்ல கேக்கணும்னு, அதை எழுதாம விட்டவங்கதான் எங்ககிட்ட ஓடி வர்றாங்க.

எங்களுது மொளகா உற்பத்தியாளர் கம்பெனி. ஒரு வியாபாரி நிறைய ஷேர் வாங்கி போர்டை புடிக்க பாக்குறான்.

புடிக்க முடியாது. உற்பத்தியாளர் கம்பெனியில தனி ஆளுங்க மெம்பரா இருந்தா எத்தனை ஷேர் வச்சாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான், அதோட விளைவிக்கிறவன்தான் மெம்பராகவே முடியும். டைரக்டர் 5 பேருக்கு குறையக் கூடாது 15க்கு மேல போகக் கூடாது. இங்க சண்டை ஆளு சேர்க்குற சண்டை, முண்டு மொளகாக்கு 2023ல புவிசார் குறியீடு வந்த பிறகு கம்பெனிக்கு மவுசு கூடி, சொந்தக்காரனை எல்லாம் மெம்பராக்குறது ஆரம்பிச்சுருக்கு. கூட்டம் கேக்க மெம்பர்ல மூணுல ஒரு பங்கு கையெழுத்து வேணும், கூட்டம் செல்ல நாலுல ஒரு பங்கு ஆளு வரணும். மழை பெய்ஞ்சா யாரும் வர மாட்டாங்க, ஐப்பசி கார்த்திகைல வைக்காதீங்க.

மீனவர் கூட்டுறவு சங்கம் கம்பெனியே இல்ல, அது வேற சட்டம், அதுக்கு எங்ககிட்ட வராதீங்க.

அந்த ஐஸ் கம்பெனி கடைசில என்ன ஆச்சு?

எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. டீச்சரம்மா பேரு ஏறுன மறுவாரம் புது ஸ்பெஷல் நோட்டீஸ் போச்சு. 5,400க்கு 4,600ன்னு பெரியவருக்கும் கூட்ட தெரியும். கூட்டத்துக்கு மூணு நாளு முன்னாடி அவரே எங்க ஆபீஸ் வந்தாரு, எதிர்ப்பக்கத்து ஆபீஸ்னு தெரிஞ்சும் வந்தாரு, ஃபேனுக்கு கீழ உக்காந்தாரு, ராஜினாமா லெட்டரை மடிச்சு பைக்குள்ள வச்சிருந்தாரு. சின்ன பையனை மட்டும் போர்டுல விடுங்க, அவனுக்கு மெஷினு வேலை தெரியும்னாரு. பார்ட்னர் ஒத்துக்கிட்டாரு, ஏன்னா உண்மையிலயே அவனைத் தவிர யாருக்கும் அந்த கம்ப்ரஸரை ஓட்டத் தெரியாது. பெரியவரு இன்னமும் பங்குதாரரு, டிவிடெண்ட் ஒழுங்கா போகுது, ஏஜிஎம்முக்கு முதல் ஆளா வந்து கணக்கை வரி வரியா கேட்டு பார்ட்னரை வறுத்து எடுக்குறாரு.

உங்களை பாக்க வரும்போது என்னென்ன எடுத்துட்டு வரணும்?

ஷேர் சர்டிபிகேட், ஆர்ட்டிகிள்ஸ், கடைசி மூணு வருச பேலன்ஸ் ஷீட், வந்த நோட்டீஸ் எல்லாம் கவரோட, இறந்தவங்க யாராச்சும் இருந்தா இறப்பு சான்று. சின்ன கம்பெனி தவிர மத்த பிரைவேட் கம்பெனிங்க இப்ப ஷேரை டீமேட் பண்ணணும், அதாவது பேப்பர் இல்லாம கம்ப்யூட்டர் கணக்குல வைக்கணும், பண்ணிட்டீங்கன்னா அந்த ஸ்டேட்மெண்ட். பேப்பர் சர்டிபிகேட் வச்சிருக்கவங்க உப்புக்காத்துல கெட்டுப்போகுதுன்னு தயவு செஞ்சு லேமினேட் பண்ணிறாதீங்க, பின்பக்கம் எழுத முடியாம போயி டூப்ளிகேட் கேட்டு அதே போர்டுகிட்ட போயி நிக்கணும்.